கதவோர நாற்காலி

ஜூன் 2

பாப்பாவுக்கு அண்ணி எழுதுவது.

போனில் பேசினால் நான் ஒன்று சொல்கிறேன், நீ ஒன்று சொல்கிறாய், கடைசியில் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம். உங்கண்ணன் வீட்டுக்குள்ளேயே கட்டின அந்தத் தியேட்டர் சாமான்களையெல்லாம் விற்றுவிடப் போகிறேன் என்று நான் சொன்ன நாளிலிருந்து நீ என் போனை எடுப்பதே இல்லை. அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். பொறுத்துக்கொள். கடிதத்தில் அழுதால் உனக்குக் கேட்காது, அதுவும் ஒரு வசதிதான்.

உன் பத்திரிகையை வாங்கினேன். உங்கண்ணன் இருந்தவரை அவர்தான் உன் பக்கத்தை உரக்கப் படிப்பார். "பாப்பா இந்த வாரம் எவனையோ கிழிச்சு எடுத்திருக்கா, கேளு" என்பார். எந்தக் கம்பெனி டிவி நன்றாக இருக்கிறது, எந்தக் கம்பெனி பெட்டி ஊரை ஏமாற்றுகிறது, எல்லாம் அடுப்படியில் நின்றபடியே என் காதில் விழும். இப்போது நானே எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது போய்விடுகிறது.

நம் வீட்டை நடத்துகிறதே அந்த வெள்ளை டப்பா, அதைச் செய்த கம்பெனி இந்த மாதக் கடைசியோடு அதை நிறுத்தப் போகிறது என்று எழுதியிருக்கிறாய். அதற்கப்புறம் விளக்கு, ஜன்னல் திரை, வாசல் பூட்டு, தியேட்டர் எதுவும் அதன் பேச்சைக் கேட்காதாம். போனிலேயே அந்தக் கம்பெனியின் புது ஆப்புக்கு மாற வேண்டுமாம். "வீட்டு உரிமையாளர் ஒரு நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம், கவலைப்பட ஒன்றுமில்லை" என்று முடித்திருக்கிறாய்.

உரிமையாளர் போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று எழுதாமல் விட்டுவிட்டாயே பாப்பா. படிக்கிறவர்களில் என்னைப் போல ஒருத்திகூடவா இருக்க மாட்டாள்?

திருகாணியை வரச் சொன்னேன். உங்கண்ணனோடு வீடு வீடாகப் போய் ஒயர் இழுத்தவர், வாயில் எப்போதும் திருகாணியைக் கவ்விக்கொண்டே பேசுவாரே, அவர்தான். அந்தக் கடைசி நாளில் ஏணியிலிருந்து உங்கண்ணனைத் தாங்கி இறக்கியவரும் அவர்தான். என் போனைத் துழாவிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அண்ணி, இதுல உங்கள விருந்தாளின்னு போட்டிருக்கு. ஓனர் சொல்லாம ஒண்ணும் பண்ண முடியாது."

"யாரு போட்டது?"

"அண்ணன்தான் போட்டிருக்கணும்."

லாண்டரியில் நாளெல்லாம் ஓட்டல் படுக்கை விரிப்பு மடிக்கிறவள் நான். விருந்தாளி என்றால் யார் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறவர். அவர் போன பிறகு விரிப்பை மாற்றிவிடுவார்கள்.

இருபது வருஷம் குடும்பம் நடத்தியவளை அவர் ஏன் அப்படிப் போட்டார்? உனக்குத் தெரிந்திருக்கும். மறைக்காமல் எழுது.

அண்ணி


ஜூன் 7

அன்புள்ள அண்ணி,

கடிதம் கிடைத்தது. எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன், அதனால் தாமதம். ஊருக்கெல்லாம் வாரா வாரம் எழுதுகிறவளுக்கு உங்களுக்கு ஒரு பக்கம் எழுத வரவில்லை.

முதலில் உங்கள் கேள்வி. அண்ணன் உங்களைக் குறைத்து நினைத்து அப்படிச் செய்யவில்லை. உரிமையாளர் என்றால் எதைத் தொட்டாலும் அது ஆங்கிலத்தில் பாஸ்வேர்ட் கேட்கும். விருந்தாளிக்கு அந்தத் தொல்லை கிடையாது. வாயால் சொன்னால் விளக்கு எரியும், விரலை வைத்தால் கதவு திறக்கும். "அவளுக்கு எதுக்கு இந்தத் தலைவலி, நோகாம இருக்கட்டும்" என்றுதான் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். தூரத்திலிருந்து சரிசெய்ய ஒருத்தி வேண்டும் என்று இரண்டாவது உரிமையாளராக என் பெயரைப் போட்டதும் அன்றைக்குத்தான்.

ஆகவே நீங்கள் பயப்பட வேண்டாம். எல்லாவற்றையும் என் பெயருக்கு மாற்றிக்கொள்கிறேன். இங்கிருந்தே பார்த்துக்கொள்வேன். நீங்கள் ஒரு பொத்தானைக்கூடத் தொட வேண்டியதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். தியேட்டர் அறையில் மட்டும் கை வைக்காதீர்கள். திருகாணியையும் விடாதீர்கள். அந்த அறையின் ஒலி அண்ணன் தன் காதால் செய்தது. தன் நாற்காலியில் மைக்கை வைத்து, கருவி எழுப்பும் சத்தத்தை அளந்து, ஸ்பீக்கரை ஒரு விரல் நகர்த்தி, மறுபடி உட்கார்ந்து கேட்டு, மறுபடி நகர்த்தி... அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். மாளிகை மாதிரி வீடுகளில் கட்டிய தியேட்டர்களில் எல்லாம் உட்கார்ந்து விமர்சனம் எழுதியிருக்கிறேன். ஒன்றுகூட அந்தச் சின்ன அறைக்குப் பக்கத்தில் வராது.

விமர்சனத்துக்கு வந்த ஸ்பீக்கர் ஒன்று என் மேசையில் பிரிக்காமலே கிடக்கிறது. எதையாவது கேட்டால் உடனே அண்ணனுக்குப் போன் போடக் கை போகிறது. அதனால் கொஞ்ச நாளாக வெறும் செய்திகளாக எழுதி ஓட்டுகிறேன். நீங்கள் படித்த அந்தப் பக்கமும் அப்படி ஒப்பேற்றியதுதான்.

பாப்பா


ஜூன் 12

பாப்பா,

அன்புள்ள என்று போடவில்லை. கோபத்தில் இருக்கிறேன்.

நான் சரி என்று சொல்வதற்குள் உன்னை யார் மாற்றச் சொன்னது? லாண்டரியிலிருந்து வருகிறேன், மழை கொட்டுகிறது, இரண்டு கையிலும் பை. பூட்டில் விரலை வைத்தால் உள்ளேயிருந்து ஒருத்தி தேன் குரலில் சொல்கிறாள்: "உங்களை அடையாளம் தெரியவில்லை. வீட்டு உரிமையாளரை அழைக்கவும்." விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கிறேன். அதையேதான் சொல்கிறாள். எதிர்வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து, "என்னங்க, உங்க வீட்டுக்காரர் வந்தாத்தான் திறக்குமாமே?" என்று கேட்டுவிட்டு, கேட்ட பிறகுதான் உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பழைய பூட்டை உங்கண்ணன் கழற்றிப் போட்டபோதே நான் சண்டை பிடித்திருக்க வேண்டும்.

நான் கூப்பிட்டு ஓடி வந்த திருகாணி உனக்குப் போன் போட்டார். எங்கேயோ உட்கார்ந்து நீ எதையோ தட்டினாய். என் வீட்டுக் கதவு திறந்தது. "ஐயோ அண்ணி, மாத்தும்போது விருந்தாளிங்க பேரெல்லாம் போயிடுச்சு, திரும்பப் போட்டுட்டேன்" என்றாய். நான் பைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

நீ திரும்பப் போட்ட பிறகும் உள்ளே ஒரு விளக்கும் என் பேச்சைக் கேட்கவில்லை. தியேட்டர் அறையில் மட்டும் ரிமோட் வேலை செய்தது. தலையைக்கூடத் துவட்டாமல் அங்கே போய் உட்கார்ந்தேன். அவர் நாற்காலியில். இத்தனை வருஷத்தில் அதில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

என் இடம் உனக்குத் தெரியும். கதவோரம், அந்த பிளாஸ்டிக் நாற்காலி. குக்கர் கத்தினால் கேட்க வேண்டும், காலிங் பெல் அடித்தால் ஓட வேண்டும் என்று நானாகப் போட்டுக்கொண்டது. அங்கே உட்கார்ந்தால் வலது பக்கத்து ஸ்பீக்கர் காதில் குத்தும். பாட்டும் அடிதடியும் இடி மாதிரி. ஆட்கள் பேசுவது மட்டும் கம்பளிக்குள் பேசுவது மாதிரி. இந்தக் காலத்து நடிகர்கள் வாயைத் திறந்து பேசுவதில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். "என்னங்க சொன்னான்?" என்று கேட்டால், "உஷ், அப்புறம் சொல்றேன்" என்பார். கேட்டுக் கேட்டு விட்டுவிட்டேன். தூங்க ஆரம்பித்தேன். "உனக்கு சினிமான்னாலே தாலாட்டு" என்று கிண்டல் பண்ணுவார். நானும் என் குணமே அப்படித்தான் போலிருக்கிறது என்று நம்பிவிட்டேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து படத்தைப் போட்டால், ஒருத்தி நேராக என் முகத்துக்கு முன்னால் நின்று பேசுகிறாள். மூச்சு விடுவது கேட்கிறது. வளையல் நகர்வது கேட்கிறது.

அழுகை வரவில்லை பாப்பா. கோபம் வந்தது. அவர் போன பிறகு அவர்மேல் வந்த முதல் கோபம். "ஏங்க, ஒரே ஒரு நாள் என் நாற்காலியில உக்காந்து பாத்தீங்களா?" என்று அந்த அறையில் வாய்விட்டுக் கேட்டேன்.

இதைச் சொன்னதும் திருகாணி வேறு ஒன்று சொன்னார். வேலைக்குப் போகிற வீட்டிலெல்லாம் உங்கண்ணனின் முதல் கேள்வி, "இங்க யாரு யாரு எங்க உக்காருவீங்க?" என்பதுதானாம். அதைக் கேட்காமல் ஒரு ஓட்டை போட மாட்டாராம். ஊரான் வீட்டிலெல்லாம் கேட்டிருக்கிறார். இன்னும் பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

சாமான்களை விற்கப் போவதில்லை. எனக்கு இரண்டு வேண்டும். இந்த வீடு என் பெயருக்கு வர வேண்டும், உன் பெயருக்கு இல்லை. பாஸ்வேர்டை நான் கற்றுக்கொள்கிறேன். அப்புறம் அந்த அறையின் சத்தத்தை என் நாற்காலியிலும் மைக்கை வைத்துத் திரும்ப அளக்க வேண்டும். அளந்தால் அவர் வைத்தது அழிந்துவிடும் என்கிறார் திருகாணி. அழியட்டும்.

அண்ணி


ஜூன் 16

அண்ணி,

உங்களை மழையில் நிறுத்தியதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. உதவி செய்கிறோம் என்ற அவசரம். ஊருக்கெல்லாம் "அவசரப்பட்டு அப்டேட் செய்யாதீர்கள்" என்று எழுதுகிறவள் நான்.

வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றித் தருகிறேன். அதில் தயக்கம் இல்லை என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன். தயக்கம் இருந்தது. காலையில் கண் விழித்ததும் நான் முதலில் திறப்பது அந்த ஆப்பைத்தான். உங்கள் சமையலறை விளக்கு எரிகிறது என்று காட்டும். அண்ணி எழுந்துவிட்டார், டீ போடுகிறார், இன்றைக்கும் நாள் ஓடும் என்று நினைத்துக்கொண்டுதான் நானும் எழுந்து பல் துலக்குவேன். உங்கள் பெயருக்குப் போய்விட்டால் எனக்கு அதுவும் இருக்காது. இருந்தாலும் மாற்றித் தருகிறேன்.

ஒலியை மட்டும் அழிக்காதீர்கள். இரண்டையும் வைத்துக்கொள்ள வழி உண்டா என்று பார்த்தேன். அந்த ஆம்பிளிபயரில் ஒரே ஒரு அளவீட்டைச் சேமிக்கத்தான் இடம். செய்த கம்பெனிக்கே எழுதிக் கேட்டேன், கைவிரித்துவிட்டார்கள். அண்ணன் பேசியது நம் போன்களில் கொஞ்சம் இருக்கிறது. அவர் கேட்டது அந்த அறையில் மட்டும்தான் இருக்கிறது. அழித்தால் அது உலகத்தில் எங்குமே இல்லை.

நீங்கள் அவர் நாற்காலியிலேயே உட்காரலாமே அண்ணி?

பாப்பா


ஜூன் 20

அன்புள்ள பாப்பா,

இந்த முறை போட்டுவிட்டேன், பார்த்துக்கொள்.

அவர் நாற்காலியிலேயே உட்காரலாமே என்கிறாய். உட்கார்ந்து பார்த்தேன், ஒரு நாள் இல்லை, பல நாள். உங்கண்ணன் உயரத்துக்கு வாங்கியது. எனக்குக் கால் தரையில் எட்டவில்லை, யார் மடியிலோ ஏறி உட்கார்ந்த குழந்தை மாதிரி தொங்குகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே உட்கார்ந்தால் அவர் கேட்டதைத்தான் நான் கேட்பேன். நான் எப்போது கேட்பது? எனக்கும் நாற்பத்தைந்து ஆகிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும். சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

காலையில் நீ பார்க்கிற அந்தச் சமையலறை விளக்கை நான் போடுவதில்லை பாப்பா. அது தானாக எரிகிறது. உங்கண்ணன் வைத்துவிட்டுப் போன நேரம். வேலைக்குக் கிளம்புமுன் அவருக்கு டீ போட நான் எழுகிற நேரம் அது. அவர் போன பிறகு எத்தனையோ நாள் அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்க, நான் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தேன். லாண்டரி மேஸ்திரி அம்மா ஆள் அனுப்பி எழுப்பிய நாளும் உண்டு. அன்றைக்கும் நீ அண்ணி எழுந்துவிட்டார் என்று பல் துலக்கப் போயிருப்பாய்.

உன்னைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. படித்துவிட்டு நான் முதலில் சிரித்தேன். பிறகுதான் அழுதேன். நீ அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தது என்னை இல்லை, அவரைத்தான். நானும் இங்கே அதைத்தான் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

என்னைப் பார்க்க வேண்டுமென்றால் நேரில் வா. மாதக் கடைசிக்குள் வா. நீ வரும்வரை அந்த அறையில் ஒருத்தரும் கை வைக்க மாட்டார்கள், திருகாணியிடமும் சொல்லிவிட்டேன். அவர் நாற்காலியில் நீ உட்கார், உனக்குப் போதும் என்கிறவரை கேள். கதவைச் சாத்திக்கொள், நான் எட்டிப் பார்க்க மாட்டேன். அதற்கப்புறம் மைக்கை நீயே உன் கையால் என் நாற்காலியில் வை. வேறு யாரும் வைத்தால் எனக்கு மனம் ஒப்பாது.

கேட்டுவிட்டும் வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால், வேண்டாம். நான் கம்பளிக்குள்ளேயே கேட்டுக்கொள்கிறேன். உன்மேல் வருத்தம் வைக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. வைப்பேன். ஆனால் அழிக்க மாட்டேன்.

ஆங்கில எழுத்துகள் பாதிவரை வந்துவிட்டன. அந்த ஜி என்கிற எழுத்துதான் கையைச் சுற்றுகிறது.

அண்ணி


ஜூலை 4

அன்புள்ள அண்ணி,

ஊர் வந்து சேர்ந்தேன். பையைப் பிரித்தால் துணிகளையெல்லாம் நீங்கள் லாண்டரி மடிப்பு மடித்து வைத்திருக்கிறீர்கள். கலைக்க மனம் வரவில்லை, இரண்டு நாளாக ஒரே சட்டையில் திரிகிறேன்.

அந்த மாலையை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அளக்கும்போது அறையில் மூச்சுச் சத்தம்கூடக் கூடாது என்று உங்களிடம் அதிகாரமாகச் சொன்னவள் நான். கருவி 'ஊப்' என்றதும் மூக்கை உறிஞ்சியதும் நானே. மறுபடி முதலிலிருந்து. அடுத்த தடவை திருகாணி அண்ணன் வாயிலிருந்த திருகாணி டைல்ஸில் விழுந்து உருண்டது. மறுபடி முதலிலிருந்து. அதற்கடுத்த தடவை நீங்கள் சிரித்தீர்கள். நீங்கள் சிரித்ததால் வீணானதில் எனக்கு வருத்தமே இல்லை.

"பழையதை அழிக்கவா?" என்று அது கேட்டபோது, இரண்டு பேரும் மற்றவள் அமுக்கட்டும் என்று நின்றோமே. கடைசியில் என் விரலை நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். யார் அமுக்கியது என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டாம் என்றும் தோன்றுகிறது.

அதற்கு முன் அவர் நாற்காலியில் தனியாக இருந்தபோது என்ன கேட்டேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நன்றி. படம் எதுவும் போடவில்லை. பக்கத்து அறையில் நீங்கள் பாத்திரம் துலக்குகிற சத்தம்தான் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இந்த வாரப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "பூட்டோ விளக்கோ தியேட்டரோ, வீட்டைத் தானாக நடத்தும் எதை வாங்கினாலும் கடைக்காரரிடம் அது என்னென்ன செய்யும் என்று கேட்பதற்கு முன் ஒன்று கேளுங்கள். வாங்கியவர் இல்லாத நாளில் இதை யார் திறப்பார்? வீட்டில் இருக்கிற எல்லோர் பெயரையும் உரிமையாளர் என்றே போடுங்கள். தெரியாது என்பவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஒலியை அளக்கும்போது மைக்கைக் கடைசி நாற்காலிவரை கொண்டுபோங்கள்." ஆசிரியர் படித்துவிட்டு, "என்னம்மா, டெக்னாலஜி பக்கத்துல ஒரே சோகமா இருக்கு" என்றார். மாலையில் வந்து, "எங்க வீட்ல மனைவி பேரை அதுல எப்படிம்மா சேக்குறது?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனார்.

மேசையில் கிடந்த ஸ்பீக்கரைப் பிரித்துவிட்டேன். சுமார்தான். எழுதப் போகிறேன்.

பாப்பா


ஜூலை 9

அன்புள்ள பாப்பா,

சட்டையை மாற்று முதலில். வரும்போது திரும்ப மடித்துத் தருகிறேன்.

வீடு என் பெயரில் ஓடுகிறது. நீ போன மறுநாள் விளக்குகளெல்லாம் மக்கர் பண்ணின. நானே பாஸ்வேர்டைப் போட்டேன், ஒற்றை விரலால், வேர்த்து வடிய. அது ஏற்றுக்கொண்டதும் எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, கை தட்டினாள். உன் பெயரையும் உரிமையாளர் என்றே போட்டிருக்கிறேன். காலை விளக்கின் நேரத்தை எடுத்துவிட்டேன். இனி அது எரிந்தால் நான் எழுந்து போட்டது. ஞாயிற்றுக்கிழமை எரியாவிட்டால் பதறாதே, தூங்குவேன்.

லாண்டரியில் என்கூட மடிக்கிறவர்கள் நான்கு பேரை நேற்று வரச் சொன்னேன். தரையில், கட்டிலில், கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். மேஸ்திரி அம்மா நேராகப் போய் உங்கண்ணன் நாற்காலியில் சாய்ந்தார். எனக்கு ஒரு நிமிஷம் திக்கென்றது. அப்புறம் அவர் காலும் தரையில் எட்டாமல் தொங்குவதைப் பார்த்ததும் சரியாகிவிட்டது. நான் என் கதவோரத்திலேயே உட்கார்ந்தேன், அங்கிருந்துதான் எனக்குக் காற்று வரும்.

உங்கண்ணன் ஒரு படத்துக்கு உயிரை விடுவாரே, அதையே போட்டேன். எத்தனை தடவை போட்டாலும் கடைசிக் காட்சியில் கண்ணைத் துடைத்துக்கொள்வாரே, அது. அங்கே அந்தக் கதாநாயகன் என்னதான் சொல்கிறான் என்று கேட்டு, "உஷ், அப்புறம் சொல்றேன்" என்ற பதிலையே வாங்கிக்கொண்டிருந்தேன். ஏதோ பெரிய விஷயம், என் மூளைக்கு எட்டாதது என்று நினைத்திருந்தேன்.

நேற்று ஒரு சொல் விடாமல் கேட்டது. உதடு அசைவதற்கு முன்பே கேட்பது மாதிரி இருந்தது. மழையில் நிற்கிறான், அவளைப் பார்க்கிறான், பாட்டு நிற்கிறது, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். "நேரமாச்சு, வா வீட்டுக்குப் போலாம்" என்கிறான். அவ்வளவுதான். படம் முடிந்துவிட்டது.

"இதுக்கா அழுதாரு உங்க வீட்டுக்காரரு?" என்றார் மேஸ்திரி அம்மா.

"அதானே?" என்றேன். எல்லோரும் ஆளுக்கு ஒரு குறை சொன்னார்கள். அவள் ஏன் அவனோடு போக வேண்டும், இவ்வளவு நாள் எங்கே போயிருந்தானாம், ஒரு குடை கொண்டுவரத் தெரியாதா அவனுக்கு என்று. நானும் சொன்னேன், எல்லோரையும்விடச் சத்தமாக. அவர் இருந்திருந்தால் நேற்று வீட்டில் பெரிய சண்டை நடந்திருக்கும். "உனக்கு ரசனையே இல்லடி" என்றிருப்பார். இருக்கிறது என்று நானும் சொல்லியிருப்பேன், இந்தத் தடவை ஆதாரத்தோடு.

அவர்கள் அடுத்த வெள்ளிக்கிழமையும் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். உனக்கு அதுதானே வேலை, நல்ல படமாக நான்கு எழுதி அனுப்பு. அடிதடி வேண்டாம். பாட்டு இருந்தால் இருக்கட்டும். ஆட்கள் உட்கார்ந்து நிறையப் பேச வேண்டும்.

அண்ணி